2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரோகிராம் எழுதுபவர்கள் இந்த எண்ணை எங்கேயாவது ஒரு பிழைச்செய்தியில் பார்த்திருப்பார்கள். கணிதம் படிப்பவர்களுக்கு இது 18-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஆய்லரின் பெயரோடு அறிமுகமான எண். இரு தரப்பாரும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும். ஓரிரு இடங்களில் மட்டும் பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? இது எவ்வளவு பெரியது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு. நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் 2,14,74,83,647.

விநாடிக்கு ஒன்று என்று இடைவிடாமல் எண்ணிக்கொண்டே போனால் இதைத் தொட 68 வருடங்களுக்குச் சற்று மேல் ஆகும். இந்த 68 வருடக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

பத்து இலக்க எண்கள் எத்தனையோ இருக்கின்றன. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

2-ஐ 31 தடவை தன்னோடு தானே பெருக்கினால் 2147483648 வரும். அதில் ஒன்று குறைத்தால் நம் எண். அதாவது 2³¹ − 1. பத்தடிமான முறையில் எழுதும்போது எந்த ஒழுங்கும் இல்லாதது போலத் தெரிகிற இந்த எண்ணை இரும முறையில் (0, 1 என்ற இரண்டே இலக்கங்களால்) எழுதினால், 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லாமல். கணிதத்தில் இதற்குக் கிடைத்த பெயரும், கணினியில் இது கொடுக்கிற தொல்லையும் இந்த 31 ஒன்றுகளிலிருந்தே வருகின்றன.

இது பகா எண்தானா?

ஆமாம். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசைப்படுத்தினால் இது 10,50,97,565-ஆவது இடத்தில் வரும்.

2-இன் ஏதோ ஒரு அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த துறவி மாரன் மெர்சென் நினைவாக வந்த பெயர் அது. 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகியவை முதல் ஏழு. எட்டாவது நம் எண்.

அடுக்கில் இருக்கும் 31 பகா எண் என்பதால் 2³¹ − 1 தானாகவே பகா எண் ஆகிவிடுமா?

ஆகாது. நிறைய பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் நிச்சயம் பகு எண்தான். உதாரணமாக 2¹⁵ − 1 என்பது 2³ − 1-ஆலும் (7) 2⁵ − 1-ஆலும் (31) வகுபடும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால், "வாய்ப்பு உண்டு" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இதில் பெரிய கணித அறிஞர்களே சறுக்கியிருக்கிறார்கள். இத்தாலியில் பொலோனியாவைச் சேர்ந்த பியெத்ரோ கத்தால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் பகா எண்கள் என்று சரியாக நிறுவினார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அப்படியே என்று அறிவித்துவிட்டார். 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா உடைத்தார்: முதலாவதை 47 வகுக்கும், இரண்டாவதை 223 வகுக்கும். 29-ஐ 1738-இல் ஆய்லர் உடைத்தார், 233 என்ற காரணியைக் காட்டி. நான்கில் மூன்று போய்விட்டது, மிஞ்சியது 31 மட்டும். அதுவும் விழுமா, நிற்குமா என்பது இன்னும் 34 வருடங்களுக்குத் தெரியாமலே இருந்தது.

அதை யார், எப்படி நிரூபித்தார்கள்?

லியோனார்ட் ஆய்லர், 1772-இல். அப்போது அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. பெர்னூலி குடும்பத்துக் கணித அறிஞர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முடிவைத் தெரிவித்தார்.

நேர்வழியில் போனால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு காரணி இருந்தே ஆக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். ஆக 46340 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். பத்து இலக்க எண்ணை நாலாயிரம் தடவை கையால் வகுப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆய்லர் அந்த மலையை இரண்டு வெட்டில் சிறிதாக்கினார்.

முதல் வெட்டு. நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை "க" என்று அழைக்கலாம். அப்படியானால் 2³¹-ஐ க-வால் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக க-வால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போங்கள். எத்தனையாவது அடுக்கில் மீதி முதன்முதலாக 1 ஆகிறதோ, அந்த இட எண் 31-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து மீதிகள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். 31-ஐ வகுப்பவை 1-உம் 31-உம்தான். முதல் அடுக்கிலேயே மீதி 1 வர வாய்ப்பில்லை. ஆக அது 31. சரி, ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் (க − 1)-ஆவது அடுக்குக்கும் மீதி 1 வந்தாக வேண்டும். எனவே க − 1 என்பது 31-இன் மடங்கு. க ஒற்றைப்படை, ஆகவே க − 1 இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால் க − 1 என்பது 62-இன் மடங்கு.

மேலே சொன்ன காரணிகளில் இதைச் சரிபார்க்கலாம். 2²³ − 1-ஐ வகுக்கும் 47 என்பது 2 × 23 + 1. 2³⁷ − 1-ஐ வகுக்கும் 223 என்பது 6 × 37 + 1. 2²⁹ − 1-ஐ வகுக்கும் 233 என்பது 8 × 29 + 1. 2047-இன் காரணிகள் 23, 89 இரண்டும் 11-இன் இரட்டை மடங்கோடு ஒன்று கூட்டியவைதான்.

இரண்டாவது வெட்டு இன்னும் அழகானது. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது ஒரு முழு வர்க்கத்தை க-வால் வகுத்தால் மீதி 2 வருகிறது. அப்படி வர வேண்டுமானால் க-வை 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருந்தாக வேண்டும் என்பது எண் கோட்பாட்டின் பழைய முடிவுகளில் ஒன்று.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், க-வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. வேறு எதுவும் கிடையாது. 46340-க்குள் அந்த வடிவில் இருப்பவை மொத்தமே 373 எண்கள். அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள். தொடக்கத்தில் வருபவற்றைப் பாருங்கள்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489. இந்தப் பன்னிரண்டில் பகா எண்கள் 311, 1303, 1489 என மூன்றே மூன்று. இப்படி வடிகட்டி மிஞ்சியவற்றால் வகுத்துப் பார்த்தார். எதுவும் வகுக்கவில்லை. நிரூபணம் முடிந்தது.

எண் கோட்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நிரூபணத்தைத்தான். கண் தெரியாத ஒருவரால் இதைச் செய்து முடிக்க முடிந்ததற்குக் காரணம், வகுப்பதற்கு முன்பே யோசனையால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வேலையைக் கழித்துவிட்டதுதான்.

அதில் ஒரு படியை நானே செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. 311-ஐ எடுத்துக்கொள்வோம். பத்து இலக்க வகுத்தல்கூடத் தேவையில்லை, வர்க்கம் எடுத்து மீதி கண்டால் போதும்.

2⁸ = 256. இதை 311-இலிருந்து 55 குறைவு என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது −55. 2¹⁶-க்கு அதன் வர்க்கம்: 3025. இதிலிருந்து 311-இன் ஒன்பது மடங்கான 2799-ஐக் கழித்தால் 226, அதாவது −85. 2³²-க்கு மறுபடியும் வர்க்கம்: 7225. 311 × 23 = 7153-ஐக் கழித்தால் 72. 2³²-க்கு மீதி 72 என்றால் 2³¹-க்குப் பாதி, 36. ஒன்றைக் கழித்தால் 35.

ஆக 2147483647-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி 35. கால்குலேட்டரில் சரிபாருங்கள்: 311 × 6905092 = 2147483612. அதோடு 35 சேர்த்தால் நம் எண். அடுத்து 1303-ஐ இதே வழியில் செய்து பாருங்கள், மீதி 226 வர வேண்டும்.

இதைவிடச் சுருக்கமான வழி இன்று இருக்கிறதா?

இருக்கிறது. பிரான்சின் எதுவார் லூகா 1870-களில் அடித்தளம் போட்டு, அமெரிக்காவின் டி. எச். லேமர் 1930-களில் செம்மைப்படுத்திய சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 2-இன் அடுக்கு எவ்வளவோ, அதைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

சின்ன உதாரணம், 2⁵ − 1 = 31. மூன்று தடவை செய்ய வேண்டும். 4-இன் வர்க்கம் 16, 2 போக 14. 14-இன் வர்க்கம் 196, 2 போக 194, 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இன் வர்க்கம் 64, 2 போக 62, மீதி 0. ஆக 31 பகா எண். நம் எண்ணுக்கு 29 தடவை செய்தால் போதும், ஒரு மதிய நேரத்தில் கால்குலேட்டரை வைத்தே முடித்துவிடலாம்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். கண்டுபிடித்தவர் லூக் டியூரன்ட், 'கிம்ப்ஸ்' என்ற தன்னார்வக் கூட்டுமுயற்சி வழியாக. அதை உறுதிப்படுத்தப் பயன்பட்டதும் இதே லூகா–லேமர் சோதனைதான்.

மெர்சென் போட்ட பட்டியல் தவறு என்கிறார்களே?

உண்மைதான். 1644-இல் அவர் கொடுத்த அடுக்குகள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67-உம் 257-உம் தவறு, 61, 89, 107 விட்டுப்போயின. 31-ஐச் சரியாகச் சொன்னார், ஆனால் நிரூபிக்கவில்லை.

67-இன் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 2⁶⁷ − 1 பகு எண் என்று லூகா 1876-இலேயே காட்டிவிட்டார், ஆனால் காரணிகள் என்ன என்று யாருக்கும் தெரியாது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போய், ஒரு பக்கம் 147573952589676412927 என்ற எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று எழுதிக் கையால் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்தன. ஒரு வார்த்தை பேசாமல் இடத்தில் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று சொல்வார்கள்.

நிறைவெண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வருகிற எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால், அதற்குச் சரியான 2-இன் அடுக்கால் பெருக்கி ஒரு நிறைவெண் செய்துவிடலாம் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இந்த வழியில் வந்தவைதான் என்று நிறுவியவர் ஆய்லர்.

நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. பத்தொன்பது இலக்கங்கள், எட்டாவது நிறைவெண். இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811-இல் இதைப் பற்றி எழுதும்போது, இதுதான் மனிதர்கள் கண்டுபிடிக்கப்போகும் மிகப்பெரிய நிறைவெண் என்றார். நிறைவெண்கள் வியப்பூட்டுபவையே தவிரப் பயனற்றவை, எனவே இதற்கு மேல் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் காரணம். பயனில்லாவிட்டால் தேட மாட்டார்கள் என்று நினைத்ததில்தான் கணக்கு தப்பியது. 1883-இல் ரஷ்யாவில் தேவாலயப் பாதிரியாராக இருந்த இவான் பெர்வூஷின் 2⁶¹ − 1 பகா எண் என்று காட்டினார், அடுத்த நிறைவெண்ணும் கூடவே வந்துவிட்டது.

அக்கம்பக்கத்து எண்கள் எப்படி?

ஒரு பக்கம் 2147483648, அது முழுக்க 2-கள். மறுபக்கம் 2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. நடுவில் எந்தக் காரணியும் இல்லாத எண். அந்தப் பட்டியலில் 31 வந்திருப்பது தற்செயல் இல்லை: 2³¹ − 2 என்பது 31-ஆல் வகுபட வேண்டும் என்று ஃபெர்மாவின் தேற்றமே சொல்கிறது.

இரண்டு தள்ளி இருப்பவற்றில் 2147483645-ஐ 5 வகுக்கும், 2147483649-ஐ 3 வகுக்கும். ஆகவே இது இரட்டைப் பகா எண் ஜோடியில் சேராது. முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659.

வேறு கணிதப் பண்புகள்?

8-ஆல் வகுத்தால் மீதி 7 வருவதால், இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது, மூன்றின் கூட்டலாகவும் முடியாது. குறைந்தது நான்கு வர்க்கங்கள் வேண்டும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம், ஆனால் ஒரே ஒரு வழியில்: 1073741824-இன் வர்க்கத்திலிருந்து 1073741823-இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். ஒற்றைப் பகா எண் எதுவானாலும் இப்படி ஒரே வழிதான்.

எனக்கு அதிகம் பிடித்த பண்பு, இது இரண்டு அடுக்கு மெர்சென் எண் என்பது. 5 பகா எண். 2⁵ − 1 = 31 பகா எண். 2³¹ − 1 பகா எண். இன்னொரு படி ஏறி, 2-இன் 2147483647-ஆவது அடுக்கிலிருந்து ஒன்று கழித்தால்? கிடைப்பது 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். அது பகா எண் இல்லை. 295257526626031 அதை வகுக்கும். இங்கேயும் ஆய்லர் காட்டிய முதல் வெட்டு வேலை செய்கிறது: அந்தக் காரணி 2 × 68745 × 2147483647 + 1 என்ற வடிவில் இருக்கிறது.

கணினியில் இது ஏன் எல்லையாக வருகிறது?

ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் (0 அல்லது 1 கொள்ளும் 32 இடங்கள்) ஒதுக்குவது நீண்ட நாள் வழக்கம். அதில் ஒரு பிட் குறை எண்ணா, மிகை எண்ணா என்று காட்டப் போய்விடும். மீதி 31 பிட்டிலும் ஒன்றுகளை நிரப்பினால் கிடைக்கும் மிகப்பெரிய மதிப்பு 2147483647.

இன்னும் ஒன்று கூட்டினால், 31 ஒன்றுகளும் பூஜ்யமாகி, மிஞ்சும் ஒன்று குறியைக் காட்டும் பிட்டுக்குள் ஏறிவிடும். ஜாவா மாதிரி மொழிகளில் விடை −2147483648 என்று வரும். எந்த எச்சரிக்கையும் இருக்காது, அதுதான் ஆபத்து. பைத்தானில் முழு எண்களுக்கு இந்த எல்லை கிடையாது.

என் டேட்டாபேஸில் எல்லாருடைய மொபைல் நம்பரும் 2147483647 என்று இருக்கிறது. என்ன ஆயிற்று?

நம் ஊர் டெவலப்பர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் இது. இந்திய மொபைல் எண்கள் பத்து இலக்கம், 6 முதல் 9 வரையுள்ள ஓர் இலக்கத்தில் தொடங்கும். அதாவது ஒவ்வொன்றும் 600 கோடி அல்லது அதற்கு மேல். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் அந்தப் பத்தியை 'இன்ட்' (32 பிட் முழு எண்) என்று அறிவித்திருந்தால் அதில் 214 கோடிக்கு மேல் கொள்ளாது. கண்டிப்பு முறை (strict mode) அணைக்கப்பட்டிருந்தால் பிழை காட்டாமல், கொள்ளக்கூடிய உச்ச மதிப்பைப் போட்டுச் சேமித்துவிடும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நம்பர் வந்த காரணம் அதுதான்.

ஏற்கெனவே போன எண்களை அந்தப் பத்தியிலிருந்து மீட்க வழியில்லை, வேறு பதிவு இருந்தால்தான் உண்டு. இனிமேல் மொபைல் எண்ணை எழுத்துச் சரமாகச் சேமியுங்கள். யாரும் இரண்டு போன் நம்பரைக் கூட்டப்போவதில்லை, அதனால் அதை எண்ணாக வைக்கவே அவசியமில்லை. கண்டிப்பு முறையையும் மறக்காமல் இயக்கிவையுங்கள்.

இந்த எல்லை உண்மையில் எங்கேயாவது சிக்கல் செய்திருக்கிறதா?

2014 டிசம்பரில் கங்னம் ஸ்டைல் பாடலின் பார்வைகள் இந்த எண்ணை எட்டியபோது, 32 பிட்டைத் தாண்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை என்று யூடியூப் சொல்லி, கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது போயிங் 787. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: மின்சாரத்தைத் தொடர்ந்து 248 நாட்கள் அணைக்காமல் விட்டால், மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் மென்பொருளில் ஒரு கவுன்டர் நிரம்பி, எல்லா மின்னாக்கிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோகலாம். விநாடிக்கு நூறு வீதம் 2³¹ வரை எண்ணினால் 248 நாட்களும் அரை நாளும் ஆகும். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. (ஆய்லரின் நிரூபணத்தில் வந்த 248-க்கும் இதற்கும் தொடர்பு இல்லை, வெறும் ஒற்றுமை.)

பகா எண் என்ற பண்பு கணினிக்கு ஏதாவது உதவுகிறதா?

உதவுகிறது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்த எளிய சீரற்ற எண் முறை இதை நம்பித்தான் நிற்கிறது. ஓர் எண்ணை எடுங்கள், 16807-ஆல் பெருக்குங்கள், 2147483647-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அதுவே அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். 16807 என்பது 7⁵. அதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது: 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒரு தடவை வந்த பிறகே வரிசை திரும்பத் தொடங்கும். எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இப்படி ஒன்று விடாமல் சுற்றி வர வழியே இல்லை.

வகுப்பதும் சுலபம். 2³¹-க்கு மீதி 1 என்பதால், பெருக்கி வந்த பெரிய எண்ணின் கடைசி 31 பிட்டைத் தனியாக வெட்டி, மேலே மிஞ்சியதோடு கூட்டினால் மீதி கிட்டத்தட்ட வந்துவிடும். 99-ஆல் வகுக்க இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டுவோமே, அதே தந்திரம்.

கடவுச்சொல், ரகசியச் சாவி போன்றவற்றுக்கு இந்த முறையைத் தொடவே வேண்டாம். ஒரே ஓர் எண் தெரிந்தாலே அடுத்தடுத்து எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம்.

4294967295 என்பது இதன் இரண்டு மடங்கா?

இரண்டு மடங்கோடு ஒன்று. அது 2³² − 1, குறை எண்களே இல்லாத 32 பிட் கணக்கின் எல்லை. 32 பகு எண் என்பதால் அது பகா எண் இல்லை: 3 × 5 × 17 × 257 × 65537. இந்த ஐந்தும் இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் (2-இன் ஓர் அடுக்கோடு ஒன்று கூட்டிக் கிடைக்கும் ஒற்றைப் பகா எண்கள்) மொத்தமும். அதனால், கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களில் 4294967295 பக்கங்கள் கொண்டதுதான் பெரியது.

2038-இல் கணினிகள் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

எல்லாம் நிற்காது. ஆனால் பிரச்சினை உண்மையானது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் நேரத்திலிருந்து எத்தனை விநாடி என்று வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கை 32 பிட்டில் இருந்தால், 2147483647-ஐத் தொடும் நேரம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. மறு விநாடி அந்தக் கணினிக்கு, கிரீன்விச் நேரப்படி, 1901 டிசம்பர் 13 ஆகிவிடும். முதல் கேள்வியில் சொன்ன 68 வருடங்கள் இவைதான்.

இன்றைய கம்ப்யூட்டர்களும் போன்களும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. 32 பிட் கருவிகளுக்காக லினக்ஸ் கெர்னலிலும் 2020-இல் வந்த 5.6 பதிப்பில் வேலை முடிந்தது. கவலைப்பட வேண்டியவை ஒருமுறை பொருத்திவிட்டால் அப்டேட் கிடைக்காத சிறு கருவிகளும், யாரும் திறந்து பார்க்காத பழைய புரோகிராம்களும். டேட்டாபேஸ் பக்கம் மைஎஸ்க்யூஎல்லின் 'டைம்ஸ்டாம்ப்' பத்தி அந்த விநாடிக்கு மேல் தேதியை ஏற்காது, 'டேட்டைம்' ஏற்கும்.

2038 வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2018-க்குப் பிறகு தொடங்கிய இருபது வருட வீட்டுக்கடன் எதுவானாலும் கடைசித் தவணைத் தேதி அந்த எல்லையைத் தாண்டிவிடும். கடன், காப்பீடு, ஓய்வூதியம் என்று எதிர்காலத் தேதிகளைக் கணக்கிடும் மென்பொருள் உங்கள் கையில் இருந்தால், சோதனைத் தேதியாக 2038 ஜனவரி 20-ஐக் கொடுத்து இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள்.